படகில் ஏறுமுன் கவனிக்க வேண்டியவை



பள்ளி விடுமுறை வந்தால் ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வரும் குடும்பங்கள் பல உண்டு. லிட்டில் இந்தியாவில் சொந்தக்காரர்களைப் பார்த்து, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, தேக்கா மார்க்கெட்டைச் சுற்றி வருவார்கள். பிறகு சிராங்கூன் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டு, "படகுல ஒரு தடவை போய் வருவோமே" என்று கிளம்புவார்கள். பத்து நிமிடத்தில் சேரும் புலாவ் உபின் என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவு, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணமான பாத்தாம், திறந்த கடலை ஒட்டிய பிந்தான் என்றால் நிலைமை வேறு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் வரை அலை அதிகம். அப்போதுதான் குமட்டல், தலைச்சுற்றல், வாந்தி எல்லாம் வரும்.

இது பலவீனமும் அல்ல, கண்ணேறும் அல்ல. நம் பாட்டன் பாட்டிமார் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜூலா' கப்பல் ஏறி, நாள்கணக்கில் மேல்தளத்திலும் அடித்தளத்திலும் படுத்தபடி இந்த மயக்கத்தோடுதான் மலாயா வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் பெரிய கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடல் மயக்கம் உண்டு.

ஏன் வருகிறது?

நம் காதின் உள்ளே நீர் நிரம்பிய சிறு குழாய்கள் உள்ளன. உடம்பு சாய்வதையும் ஆடுவதையும் மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. படகின் அறைக்குள் உட்கார்ந்தால் கண், "எதுவும் அசையவில்லை" என்கிறது. காதோ, "ஆடுகிறோம்" என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்புவதால்தான் குமட்டுகிறது. ஆகவே கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும்படி செய்வதுதான் முதல் வைத்தியம். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் ஆகியோருக்கு இது எளிதில் வரும்.

ஏறுமுன்

1. "வெறும் வயிறா போனா வாந்தி வராது" என்று சிலர் சொல்வது தவறு. வயிறு முட்டச் சாப்பிடுவதும் தவறு. இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லி, ரொட்டி, பிஸ்கட் போன்று லேசாகச் சாப்பிடுங்கள். எண்ணெய்ப் பண்டம், காரம், மது வேண்டாம்.

2. மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கினால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். டைமென்ஹைட்ரினேட் என்று கேட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும். 1947இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தோல் தடிப்புக்காக இதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு வண்டிப் பயணக் குமட்டலும் நின்றுபோனது. அதைக் கவனித்த மருத்துவர்களால் பிறந்த மருந்து இது. தூக்கம் வரும். ஆகவே அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாமாகக் கொடுக்கவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு அளவு கேட்டுக் கொடுங்கள்.

படகில்

நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. படகு போகும் பக்கம் பார்த்து அமர்ந்து, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். கைத்தொலைபேசியையும் பத்திரிகையையும் பையில் வையுங்கள். தலையைச் சாய்த்து அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்க முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இஞ்சி, எலுமிச்சம்பழ வாசனை, அசாம் போய் சிலருக்கு ஆறுதல் தரும். கெடுதல் இல்லை. ஆனால் மாத்திரைக்கு ஈடாக நம்பிவிட வேண்டாம். எண்ணெய்ப் புகை வரும் இடத்தை விட்டு விலகி, காற்று வரும் பக்கம் இருங்கள். ஆனால் குமட்டுகிறதென்று கம்பிக்கு வெளியே எட்டிக் குனியாதீர்கள். பிளாஸ்டிக் பை போதும்.

வாந்தி வந்துவிட்டால்

வெட்கப்பட வேண்டாம். சிறிது நேரம் விட்டு, தண்ணியை ஒரே மடக்காகக் குடிக்காமல் ஒவ்வொரு வாயாகக் குடியுங்கள். பலமுறை வாந்தி எடுத்தால் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு, தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

இனிப்பு நீர்க்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஊசியோ மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படகேறக் கூடாது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியில் போய்விட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டால், "கடல் மயக்கம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். நினைவு இருக்கும்போதே இனிப்புப் பானம் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சாதாரணக் கடல் மயக்கம் கரையேறினால் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். தரை ஆடுவது போலத் தோன்றினாலும் பயமில்லை. கரையேறியும் வாந்தி நிற்காவிட்டால், நெஞ்சு வலித்தால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கம் கை கால் சோர்ந்தால், குழந்தை பல மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால் அது கடல் மயக்கம் அல்ல, ஆபத்து. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை உடனே அழையுங்கள்.

"எனக்குக் கடல் ஒத்துக்காது" என்று பாட்டியை மட்டும் கரையில் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். டாக்டரைக் கேட்டு, முன்கூட்டியே மாத்திரையும் லேசான சாப்பாடும் கொடுத்து, நடு இருக்கையில் அமர்த்தினால் பெரும்பாலோர் நன்றாகவே போய் வரலாம்.