என்ஜின் வேலை முடிந்தும் கியர் விழவில்லையா?

திருவேற்காட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவரா நீங்கள்? என்ஜினைப் பிரித்து வேலை பார்த்து, எல்லாவற்றையும் பூட்டியாச்சு. ஆனால் முதல் கியருக்கு மேல் ஏறவில்லை. "திரும்பப் பிரிக்கணும்" என்று மெக்கானிக் சொன்னால் கொஞ்சம் பொறுங்க. இரண்டாவது தடவை கூலி கொடுப்பதற்கு முன் இதைப் படிச்சிடுங்க.

நின்ற வண்டியில் எல்லா கியரும் வரிசையாக விழாது. லிவரை மிதித்தால் உள்ளே கியர் டிரம் திரும்பும். அது ஃபோர்க்கை நகர்த்தும். ஃபோர்க் தள்ளும் பல்சக்கரத்தின் பக்கவாட்டுப் பற்கள், அடுத்த சக்கரத்தின் பள்ளத்தில் உட்காரணும். பல்லும் பள்ளமும் நேருக்கு நேர் வராவிட்டால் முட்டி நிற்கும். இது கோளாறு அல்ல.

எனவே, என்ஜினை அணைத்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்க. கிளட்சைப் பிடித்தபடி ஒருவர் கியர் போட, இன்னொருவர் பின்சக்கரத்தின் டயரைப் பிடித்து மெதுவாகச் சுற்றட்டும். விரல் செயின் பக்கம் போகக் கூடாது.

அப்படியும் விழவில்லையா? வெளியிலிருந்து உள்ளே போங்க:

1. கிளட்ச் கேபிள்: பல பைக்குகளில் லிவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள்.

2. கியர் லிவர்: போல்ட் இறுகியிருக்கிறதா? லிவர் எங்காவது இடிக்கிறதா?

3. கிளட்ச் கவருக்குள்: கியர் ஷாஃப்டின் ஸ்பிரிங், அதன் பின்னுக்கு இருபுறமும் உட்கார்ந்திருக்கணும். ஸ்டார் பிளேட்டை அழுத்தும் ரோலர் தடையின்றி அசையணும்.

4. கடைசியாகத்தான் கிராங்க்கேஸ்: ஃபோர்க் வளைந்திருக்கலாம், வாஷரோ லாக்கோ இடம் மாறியிருக்கலாம்.

1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. அதில் கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. கியர் சரியாக விழுவதற்கான அட்ஜஸ்ட்மென்ட்டை வெளிமூடியைக் கழற்றியே செய்யலாம்.

அடுத்த முறை வேலைக்கு விடும்போது, "கவரை மூடுறதுக்கு முன்னாடி ஷாஃப்டைச் சுற்றி எல்லா கியரையும் போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்க. மாற்றிய பாகங்களையும் பில்லையும் வாங்கிக்கொள்ளுங்க. கிராங்க்கேஸை மாற்றச் சொன்னால், என்ஜின் எண் அதில்தான் இருக்கும் என்பதால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். பணம் வாங்கியும் வேலை சரியில்லை, பேசியும் தீரவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்த பில்தான்.