அம்மாவின் சிறுநீரகக் கணக்கு சரியா?

கேள்வி: அம்மாவுக்கு 55 வயது. கொழுந்து பறிக்கிறார், 40 கிலோதான் இருப்பார். கிரியேட்டினின் 0.9. சிறுநீரக வேலைத்திறன் 75 என்று ரிப்போர்ட் சொல்கிறது. வெளிநாட்டாரை வைத்துப் போட்ட கணக்கை நம்பலாமா?
– வாசகி, பசறை

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, சகோதரி. அந்த 75 நேரடியாக அளந்தது அல்ல. கிரியேட்டினின், வயது, பால் மூன்றையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. எடையை அது கேட்பதே இல்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த உடம்பில் அது இயல்பாகவே குறைவு. அதனால் சிறுநீரகம் உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகக் கணக்கு காட்டிவிடலாம்.

இந்தக் கணக்குக்கான 2009ஆம் ஆண்டின் அமெரிக்கச் சூத்திரம் கறுப்பினத்தவருக்கு மட்டும் சுமார் 16 வீதம் கூட்டிப் போட்டது. 2021இல் அந்தக் கூட்டலை நீக்கினார்கள். பாகிஸ்தானில் நடந்து 2014இல் வெளியான ஆய்வோ, தெற்காசியருக்கு அந்தச் சூத்திரத்தைத் திருத்த வேண்டும் என்றது. ஆனால் இனத்தைவிட உடல்வாகும் உணவும்தான் முக்கியம்.

நம் பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டே, காரணம் தெரியாத சிறுநீரக நோயால் வாடும் பகுதி. தோட்டத்திலும் சர்க்கரையும் பிரஷரும் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. பயப்பட வேண்டாம், அசட்டையும் வேண்டாம். சிறுநீரில் அல்புமின் போகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அம்மாவின் எடையையும் மறக்காமல் சொல்லுங்கள். வைத்தியரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.