காணாக்கடி

காணாக்கடி என்பது தமிழ் வைத்தியர் வழங்கிவரும் ஒரு நோயின் பெயர். காணாத கடி என விரியும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். தோலிலே திடீரெனத் தடிப்பு எழும்புகின்றது, சிவந்து அரிக்கின்றது, கடித்த பூச்சியையோ காணோம். ஆகவே காணாத ஒன்று கடித்ததென்று முன்னோர் பெயரிட்டனர். வடமொழி ஆயுள்வேத நூலார் இதனைச் சீதபித்தம் என்று கூறி, குளவி கொட்டினாற் போன்ற வீக்கம் என்றனர். மேனாட்டார் வழங்கும் ‘ஊர்ட்டிக்கேரியா’ என்னும் பெயரோ, நம் காஞ்சொறியைப்போலத் தொட்டால் அரிக்கும் ஒரு செடியின் இலத்தீன் பெயரினின்று பிறந்தது. மூன்று மொழியாரும் ஒருவரையொருவர் கேளாமலே, புறத்திலிருந்து ஏதோ தீண்டிற்று என்றே எண்ணினர். பெயர்கள் அழகியவை. ஆயினும் நாட்பட்ட காணாக்கடியைப் பொறுத்தவரை அவை நம்மை வழிதவறச் செய்கின்றன. இதனையே ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

தடிப்புகள் தோன்றி ஆறு வாரத்துள் முற்றாக ஒழியின் அது குறுங்கால நோய். அதற்குக் காரணம் பலகால் கண்ணெதிரே நிற்கும்: இறால், பெனிசிலின், குளவி, அல்லது பிள்ளைகட்கு வரும் சாதாரணத் தடிமன் காய்ச்சல். சூரை மீனைப் பனிக்கட்டியின்றி வைத்திருந்து சமைத்தால், வீட்டார் பலர் ஒருங்கே முகஞ்சிவந்து தடிப்பதும் உண்டு. அது மீனிலேயே விளைந்த ஒரு நஞ்சின் வேலையாகும். உண்டவர் உடம்பின் ஒவ்வாமையன்று. கொட்டாஞ்சேனையில் மாலை மலிவுக்கு மீன் வாங்குவோர் இதனை மனத்திற்கொள்ளுதல் நன்று.

ஆறு வாரங்கடந்தும் நாள்தோறும், அல்லது கிழமையிற் பல நாள், தடிப்புகள் தோன்றுமாயின் அது நாட்பட்ட நோய். நூற்றுக்கு ஒருவர் அளவில் இதனால் வருந்துவர். ஆடவரினும் பெண்டிர் மிகுதி. இதில் நிகழ்வது வேறு. தோலின்கண், குருதி நுண்குழாய்களின் அருகே, மாஸ்ற் கலங்கள் என்பன உள்ளன. 1878ஆம் ஆண்டில், மாணவராயிருந்த பால் ஏர்லிக் என்னும் ஜேர்மானியர் தம் ஆய்வேட்டில் இவற்றைச் சாயமேற்றிக் காட்டினார். இக்கலங்களினுள்ளே நிறைந்துள்ள சிறு மணிகளில் ஹிஸ்டமீன் என்னும் பொருள் அடங்கியுள்ளது. மேலே கூறிய கெட்ட மீனில் விளைவதும் இதுவே. 1910இல் ஹென்றி டேல் என்பவரும் அவர்தம் துணைவரும் இப்பொருளின் செயலை ஆராய்ந்து வெளியிட்டனர். மணிகள் உடைந்து அது வெளிப்பட்டால் நுண்குழாய்கள் விரிந்து நீர் கசியும், அதுவே தடிப்பு. நரம்பு நுனிகளைத் தூண்டும், அதுவே அரிப்பு.

மணிகளை உடைப்பது யார்? 1993ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர், இந்நோயாளர் பலரின் குருதியிலே தம் மாஸ்ற் கலங்களைத் தாமே தூண்டும் பிறபொருளெதிரிகள் இருத்தலைக் காட்டினர். பிறபொருளெதிரி எனப் பெயர் பூண்ட ஒன்று தற்பொருளுக்கே எதிரியாயிற்று! தைரொயிட்டுச் சுரப்பி நோய் உடையாரிடத்து இது சற்று மிகுதியாகக் காணப்படுவதும் இவ்வுறவினாலேயே. அழுத்தம், குளிர், வியர்வை என்பவற்றால் எழும் வகைகளும் உள. கொழும்பின் புழுக்கத்தில் விளையாடி வரும் மாணாக்கரின் உடலில் சிறு சிறு புள்ளித் தடிப்புகள் தோன்றின், வியர்வை வகையோ என ஐயுறலாம்.

ஆகவே நாட்பட்ட நோயில் உணவு குற்றவாளியாதல் மிக அரிது. நம் வீடுகளிலோ முதற் பழி கறிச்சட்டியின் மேலேயே விழுகின்றது. கிரந்தி என்று கத்தரிக்காய் போகும். பின் இறால், நண்டு, கணவாய், அன்னாசி, முட்டை, பால். நம் வகுப்பிலிருந்த மாளிகாவத்தைத் தொடர்மாடிப் பிள்ளையொருவன் ஈராண்டு சோறும் பருப்புமாகவே மெலிந்தான், தடிப்போ குறையவில்லை. அயல்வீட்டார் தொற்றுமென்றஞ்சித் தம் பிள்ளைகளை அவனோடு விளையாட விடவில்லை. இது தொற்றுநோயன்று என்பதை அந்த மாடிப்படிகளில் ஏறிச் சொல்லவேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, நாள்தோறும் குளோர்பெனிரமீன் குளிசை உண்டு முதற் பாடத்திலேயே உறங்கினான். அவனைச் சோம்பேறி என்றோரும் உளர்.

அப்பழைய குளிசை மூளையுட் புகுந்து மந்தமூட்டும். பின்வந்த செற்றிரிசின், லொறற்றடீன், பெக்சோபெனடீன் என்பன பெரும்பாலும் அவ்வளவு உறக்கந் தருவதில்லை. இன்று வைத்தியர் முதலில் நாடுவன இவையே. இங்கே பலர் தவறுமிடம் ஒன்றுண்டு. அரிக்கும்போது மட்டும் உண்பது, தாளம் முடிந்தபின் மிருதங்கம் அடிப்பதை ஒக்கும். ஹிஸ்டமீன் சென்று பற்றும் இடத்தை முன்னரே அடைத்து வைப்பதே இம்மருந்தின் வேலை. ஆதலின் தடிப்பில்லாத நாளும் உண்ணல் வேண்டும். போதாதாயின் வைத்தியர் அளவை நான்கு மடங்குவரை உயர்த்துவதுண்டு; நாமாக உயர்த்தல் ஆகாது. அதற்கும் அடங்காதார்க்கு ஒமலிசுமாப் என்னும் ஊசி 2014 முதல் மேனாடுகளில் வழங்குகின்றது, விலை மிகுதி. ஸ்ரெறொயிட்டுக் குளிசை விரைவில் அடக்கும் என்று மாதக்கணக்காக விழுங்குவது எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும். உடல்வலிக்கு உண்ணும் அஸ்பிரின், டைக்குளோபெனாக் என்பன தடிப்பைக் கிளப்புவதுண்டு. இவற்றை விலக்குதல் கத்தரிக்காயை விலக்குவதினும் பயனுடைத்து.

நாவோ தொண்டையோ வீங்கின், மூச்சு முட்டின், தலைசுற்றி விழின், எதனையும் ஆராயாது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுக. மற்றை வேளைகளில் அஞ்சற்க. பெரும்பாலார்க்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டுள் இது தானே அடங்கும்.

வீட்டிற் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு நேரத்தைக் குறித்து வைக்குக. காணாக்கடியின் ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துள் சுவடின்றி மறையும். புதியது வேறிடத்தில் எழும். வட்டத்துள்ளேயே அடுத்த நாளும் நின்று, எரிந்து நொந்து, கன்றிய கறையை விட்டுச் செல்லின், அது குருதிக்குழாய் அழற்சியாக இருத்தல் கூடும். அவ்வட்டத்தை அழியாமல் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுக.