வெள்ளக் காவலுக்கு வெட்டரிவாள் எதற்கு?

கேள்வி: விக்கிரமசிங்கபுரத்தில் ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழை பெருத்தால் வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போக எல்லோரும் தயங்குகிறார்கள். கரண்ட் இருக்காது, போலீசும் உடனே வர முடியாது, களவு போனால் யார் பொறுப்பு என்கிறார்கள். இந்த ஐப்பசி, கார்த்திகைக்கு எங்கள் இளவட்டங்கள் அரிவாள், கம்போடு முறைவைத்துத் தெருவைக் காக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. சட்டம் இதை ஒத்துக்கொள்ளுமா ஐயா? அகப்பட்ட திருடனை நாலு சாத்து சாத்தினால் எங்கள் மேல் கேஸ் வருமா?

– ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: தாராளமாகக் காவல் நில்லுங்கள். அரிவாளை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள்.

தற்காப்பு உரிமை உங்களுக்கு உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு, உங்கள் வீட்டை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் உடைமையையும் திருட்டிலிருந்து காக்க அனுமதிக்கிறது. ஆனால் 37ஆம் பிரிவு அதற்கு எல்லை கட்டுகிறது. தடுப்பதற்குத் தேவையானதற்கு மேல் காயப்படுத்தக் கூடாது. போலீசை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. இரவில் பூட்டை உடைத்து வீடு புகுபவன் விஷயத்தில் சட்டம் கூடுதல் இடம் கொடுக்கிறது என்பது உண்மை. அதுவும் இந்த எல்லைக்கு உட்பட்டதுதான்.

பொருளைப் போட்டுவிட்டு ஓடுகிறவனை விரட்டி வெட்டினால் அது தற்காப்பு ஆகாது. பிடித்துக் கட்டிவைத்து அடிப்பதும் அப்படியே. கண்ணெதிரே நடந்த பெரிய குற்றத்துக்கு நீங்களே ஆளைப் பிடிக்கலாம். ஆனால் தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ஆக, உங்கள் 'நாலு சாத்து'க்குக் கட்டாயம் கேஸ் வரும். சாதி, மொழி, பிறந்த ஊர் போன்ற காரணத்தால் 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைக் கொன்றால், 103(2)ஆம் பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

வயல் வேலைக்கு அரிவாள் வைத்திருப்பது குற்றமில்லை. அதையே இரவில் பத்துப் பேர் தெருமுனையில் ஏந்தி நின்றால் அதன் பொருள் வேறு. நம் மாவட்டத்தில் தெரு என்றாலே பல இடங்களில் சாதிதான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீருக்குப் பயந்து மேடு தேடி உங்கள் தெரு வழியாக வருகிற அடுத்த தெருக்காரர், அரிவாளைப் பார்த்தால் உள்ளே வருவாரா? காவல் நிற்பவர் கண்ணுக்கும் இருட்டில் அவர் யாரெனத் தெரியாது.

இதற்கு வெளிநாட்டில் ஒரு சாட்சி இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அல்ஜியர்ஸ் பாயின்ட் பகுதியில் வெள்ளம் ஏறவில்லை. அங்கிருந்த படகுத்துறையிலிருந்துதான் மக்களை வெளியேற்றினார்கள். வெள்ளையர் சிலர் சாய்ந்த மரங்களால் தெருவை அடைத்து, துப்பாக்கியோடு 'காவல்' நின்றார்கள். படகுத்துறையை நோக்கிப் போன கறுப்பின இளைஞர்கள் சுடப்பட்டார்கள். சுட்டவர்களில் ஒருவருக்கு 2019இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரார் அடித்தார்கள். ஒரு மூதாட்டி இறந்துபோனார். அவர் செய்தது குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான். ஊரைக் காக்கிறோம் என்று நம்பித்தான் அவர்களும் கை ஓங்கினார்கள்.

பேரிடர் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இது: வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடர்களில் கொள்ளையைப் பற்றிய வதந்தி பெரிது, கொள்ளை சிறிது. உங்கள் தெருவுக்குள் அந்த இரவில் நுழையும் அந்நியர் அநேகமாக அடைக்கலம் தேடி வருபவர், இல்லையென்றால் உதவ வருபவர். 2023 டிசம்பர் 17 இரவு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பயணிகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள்.

சரி, எப்படிக் காவல் காப்பது?

மழைக்கு முன்பே காவல் நிற்பவர்களின் பெயர், செல்போன் எண் பட்டியலைக் காவல் நிலையத்திலும் வார்டு கவுன்சிலரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுங்கள். எல்லாச் சமூகத்தாரும், பெண்களும் அதில் இருக்கட்டும். இரண்டிரண்டு பேராக நில்லுங்கள். கையில் நல்ல டார்ச், விசில், சார்ஜ் ஏற்றிய போன், பாம்புக்கு ஒரு கம்பு போதும். சந்தேகப்படும்படி யாராவது வந்தால் வெளிச்சம் அடித்து, "யாரு, எங்க போணும்?" என்று கேளுங்கள். திருடன் தன்னை அடையாளம் காண்பவர்களுக்குத்தான் பயப்படுவான். அதற்கு மேல் என்றால் விசில் ஊதுங்கள், 112க்கு அழையுங்கள். வெள்ள உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. முறையாகவே காவல் பணி செய்ய விரும்பும் இளைஞர்களை ஊர்க்காவல் படையில் சேரச் சொல்லுங்கள். பயிற்சியும் சட்டப் பொறுப்பும் அங்கே உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள். பாபநாசம், சேர்வலாறு அணைகளில் தண்ணீர் திறந்தால் முதலில் அடி வாங்குவது உங்கள் கரைதான். வெளியேறச் சொன்னால் காவல்காரர்களும் உடனே வெளியேற வேண்டும். "வீட்டை நாங்க பாத்துக்கிடுதோம்" என்ற உங்கள் வார்த்தையை நம்பி, பிடிவாதமாக இருக்கும் பெரியவர்கள் முகாமுக்குக் கிளம்பினால், அதுவே இந்தக் காவலால் கிடைக்கும் பெரிய லாபம். டிவியும் பீரோவும் அதற்குப் பிறகுதான்.