ஏழு துளை, எத்தனை டிகிரி?

கேள்வி: கோவை பட்டறையில் சிஎன்சி ஓட்டுகிறேன். நான்காவது அச்சில் சுற்றிவர ஏழு துளை போட்டால், கடைசி இடைவெளி மட்டும் கூடிவிடுகிறதே, ஏன்?
– வாசகர், வடக்கனந்தல்

பதில்: 360-ஐ ஏழால் வகுத்தால் தீராது, 51.428571 என நீண்டுகொண்டே போகும். அதை 51.4 என்று நறுக்கி, ஜி91-இல், அதாவது முந்தைய நிலையிலிருந்து அளக்கும் முறையில், அடுத்தடுத்துத் திருப்பியிருப்பீர்கள். ஆறு திருப்பலில் 308.4 ஆகும், மிச்சம் 51.6. அந்த 0.2 டிகிரி வித்தியாசம், 100 மி.மீ. ஆரத்தில் 0.35 மி.மீ.!

பூஜ்யத்திலிருந்து அளக்கும் ஜி90-க்கு மாறுங்கள். ஒவ்வொரு கோணத்தையும் பூஜ்யத்திலிருந்தே கணக்கிட்டு, மூன்று தசமம் எழுதுங்கள்: 51.429, 102.857, 154.286... பிழை சேராது.

வரைபடத்தில் 51 டிகிரி 25 நிமிடம் என்றிருந்தால் 51.25 என்று அடித்துவிடாதீர்கள். 25-ஐ 60-ஆல் வகுத்து 51-உடன் கூட்டினால் 51.417. டேபிளையும் எப்போதும் ஒரே திசையில் திருப்பியே நிறுத்துங்கள், பேக்லாஷ் (பல்சக்கரத் தளர்வு) ஏமாற்றாது.