உலோகத்தின் இயல்பறிதல்

மாணவர்களே! நீங்கள் நாள்தோறும் நீர் பருகும் எவர்சில்வர் தம்ளரை ஒருமுறை உற்று நோக்குங்கள். பெரும்பாலும் அதன் பக்கத்தில் ஒட்டு இராது. அடியில் பற்றவைப்பும் இராது. தட்டையான வட்டத் தகடு ஒன்றே அங்ஙனம் ஆழ்ந்த கலமாயிற்று. நீங்கள் ஏறிச் செல்லும் மிதிவண்டியின் கைப்பிடியும் நேரான குழாயாக இருந்து பின்னர் வளைக்கப்பட்டதே. இவை பிழையின்றி அமைதல் எளிதன்று.

முதற்கண் தம்ளரைக் காண்போம். வட்டத் தகட்டைக் குழி அச்சின்மேல் வைத்து, விளிம்பை ஒரு வளையத்தால் அழுத்திப் பிடிப்பர். மேலிருந்து இறங்கும் தண்டு தகட்டைக் குழிக்குள் இழுத்துச் செல்லும். பெரிய சுற்றளவுள்ள விளிம்பு சிறிய வாய்க்குள் அடங்க வேண்டுமன்றோ? ஆதலின், பிடிப்புத் தளர்ந்தால் விளிம்பில் சுருக்கம் விழும். பிடிப்பு மிகுந்தால் தகடு உள்ளே செல்லமாட்டாமல் கிழியும். இவ்விரு குற்றங்களுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியே நல்ல கலத்திற்கு உரிய வழியாகும்.

இனிக் குழாயைக் காண்போம். 20 மி.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்றை, நடுக்கோட்டின் ஆரம் 40 மி.மீ. ஆகுமாறு செங்கோணமாக வளைப்பதாகக் கொள்க. நடுக்கோட்டின் நீளம் ஏறக்குறைய 63 மி.மீ.; வெளிப்புறத்தின் நீளம் 79 மி.மீ.; உட்புறத்தின் நீளம் 47 மி.மீ. நடுக்கோடு நீளாதிருப்பின், வெளிச்சுவர் நூற்றுக்கு 25 பங்கு நீளுதல் வேண்டும். நீண்ட உலோகம் மெலியும்; 2 மி.மீ. கனமுள்ள சுவர் அவ்விடத்தில் ஏறக்குறைய 1.6 மி.மீ. ஆகிவிடும். உட்சுவரோ நெருங்கித் தடித்து, சிலபோது மடிந்து சுருங்கும். வட்டமான குழாய் நசுங்காதிருத்தற்பொருட்டு உள்ளே மணலை நிரப்புவதும், உள்தண்டு ஒன்றைச் செலுத்துவதும் உண்டு.

இவையேயன்றி மூன்றாவது இடர் ஒன்றும் உளது. வளைத்த கையை எடுத்தவுடன் உலோகம் சிறிது நிமிரும். இது மீட்சித் தன்மையால் விளைவது. எஃகின் மீட்சிக் குணகம் அலுமினியத்தினதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆகவே, கனமும் வலிமையும் ஒத்த இரண்டு தகடுகளில் அலுமினியத் தகடே மிகுதியாக நிமிரும். இதனை அறிந்தோர், வேண்டிய கோணத்தினும் சற்று மிகையாகவே வளைப்பர்.

முற்காலத்தில் அச்சை வெட்டி, அடித்துப் பார்த்து, பிழை கண்டபின் அச்சைத் தேய்த்துத் திருத்தினர். இதனால் பொருளும் காலமும் வீணாயின. தகடு எவ்வளவு நீண்டால் கிழியும் என்பதை அளந்தறியும் முறையை 1960களில் அமெரிக்க அறிஞர் கீலர் வகுத்தார். 1968 ஆம் ஆண்டில் குட்வின் என்பார் அதனை விரிவாக்கினார். தகட்டின்மேல் சிறு வட்டங்களைப் பதித்து அழுத்தினால், அவை நீள்வட்டங்களாகும். அந்நீள்வட்டங்களின் அளவே எந்த இடம் கிழிதலை நெருங்கியது என்பதை உணர்த்தும்.

இந்நாளில் அச்சை வெட்டுமுன்னரே கணினியில் முன்னோட்டம் காண்கின்றனர். தகட்டைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறும் எவ்வாறு நீளும், மெலியும், நிமிரும் என்று கணினி கணித்துக் காட்டுகிறது. ஆயினும், தகட்டின் கனம், வலிமை, உராய்வு ஆகியவற்றை நாம் பிழைபடக் கொடுப்பின், விடையும் பிழைபடும். 1993 ஆம் ஆண்டில் ஜப்பானில் கூடிய நியூமிஷீட் என்னும் மாநாட்டிற்காக, அறிஞர் பலர் ஒரே சதுரக் கிண்ணத்தைத் தனித்தனியே கணித்தனர். அவர்தம் விடைகள் யாவும் ஒத்திருக்கவில்லை. அவற்றை உண்மையாகச் செய்த கிண்ணத்தோடு ஒப்பிட்டே குறைகளை உணர்ந்தனர்.

ஆகவே, கணித்தலோடு தொழில் முடிவதில்லை. செய்த பொருளை அறுத்து, கனத்தை அளந்து, கணக்கோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். வேறுபாடு காணின், அதனை மறையாது ஒப்புக்கொண்டு, கணக்கையேனும் அச்சையேனும் திருத்துதல் வேண்டும். மேற்பூச்சு மெலிந்த சுவரை மறைத்துவிடும்; ஆனால், மேடுபள்ளமான சாலை அதனை வெளிப்படுத்திவிடும். மிதிவண்டிக் கைப்பிடியைப் பற்றிச் செல்லும் சிறுவன் அதன் வளைவை அளந்து பார்ப்பதில்லை. அளந்தவர் ஒருவர் உளர் என்று நம்பியே செல்கிறான். அந்நம்பிக்கையைக் காப்பதே தொழிலின் அறமாகும்.