இருமுறை இட்டாலும் கெடாத கட்டளை

தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறது. "பத்துக் குடம் தண்ணீர் ஊற்றடா" என்று அம்மா உங்கள் தம்பியிடம் சொல்கிறார். அவன் ஊற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போய்விடுகிறான். அவன் ஊற்றினானோ இல்லையோ என்று எண்ணிய அம்மா, உங்களிடமும் அதையே சொல்கிறார். நீங்களும் ஊற்றுகிறீர்கள், தொட்டி வழிகிறது. "தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார், குறைந்திருந்தால் நிரப்பு" என்று சொல்லியிருந்தால், பத்துப் பேரிடம் சொல்லியிருந்தாலும் ஒரு சொட்டு வீணாகியிருக்காது அல்லவா?

முதலாவது, செய்ய வேண்டிய செயலைச் சொல்லும் கட்டளை. இரண்டாவது, இருக்க வேண்டிய நிலையைச் சொல்லும் கட்டளை. நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளை ஒன்றாகக் கட்டி ஆள்பவர்களுக்கு இவ்வேறுபாடு உயிர்நாடி போன்றது.

பெரிய இணையச் சேவை எதுவும் ஒரே கணிப்பொறியில் ஓடுவதில்லை. சர்வர் எனப்படும் கணிப்பொறிகள் பல கூட்டாக அவ்வேலையைச் செய்கின்றன. அவை அனைத்திலும் ஒரே நிரல், ஒரே அமைப்பு விவரங்கள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தவறினால் என்ன ஆகும்?

2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவில் இது நடந்தது. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம் தன் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றிய ஊழியர், எட்டாவதில் ஏற்றவில்லை. 2003இலேயே பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட பழைய நிரல் அதில் தூங்கிக்கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, நிறுத்தாமல் வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் நேர்ந்த நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல்! ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து வடிவ நடைமுறை அங்கே இல்லை என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் 2013இல் கண்டறிந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே, கோளாற்றைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களைக் கணிப்பொறி தானாகவே அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை என்று எவருக்கும் தோன்றவில்லை.

கையால் ஒவ்வொன்றாக மாற்றினால் இத்தகைய பிழை நேரும் என்பதால், அமைப்புக் கருவிகள் தோன்றின. இயற்பியல் பயின்ற மார்க் பர்ஜெஸ், ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் 1993இல் சிஎப்எஞ்சின் என்ற கருவியை உருவாக்கினார். 2012இல் அன்சிபிள், 2014இல் கூபர்னெட்டீஸ் ஆகியவை வந்தன. இவற்றில் "மூன்று பிரதிகள் ஓடட்டும்" என்பதுபோல நிலையை எழுதி வைத்தால் போதும். உள்ளதையும் வேண்டியதையும் ஒப்பிட்டு, குறைந்ததைக் கருவியே ஈடு செய்யும்.

இருமுறை செய்தாலும் ஒருமுறை செய்த விளைவே கிட்டும் இப்பண்பு கணிதத்தில் உங்களுக்குப் பழக்கமானதுதான். மைனஸ் 7இன் மட்டு மதிப்பு 7. அதற்கு மீண்டும் மட்டு மதிப்பு கண்டாலும் 7தான். ஒரு கணத்தை அதே கணத்தோடு சேர்ப்புச் செய்தால் அதே கணம். ஆனால் "ஒன்றைக் கூட்டு" என்பதை இருமுறை செய்தால் விடை மாறிவிடும்.

இன்று இக்கருவிகளை இயக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடமும் ஒப்படைக்கிறார்கள். முகவர் என்பதும் ஒரு நிரலே. அது கையேட்டைப் படித்துக் கட்டளை எழுதும். வரும் பதிலைப் படித்து அடுத்த கட்டளை எழுதும். இங்கேதான் கையேடு எழுதுபவரின் பொறுப்பு கூடுகிறது.

முகவர் ஒரு சர்வருக்குக் கட்டளை அனுப்புகிறது என்று கொள்வோம். பதில் வரவில்லை. கட்டளை போய்ச் சேரவில்லையா? அல்லது வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்! நம் அம்மாவின் நிலையும் இதுதானே. அனுபவமுள்ள பொறியாளர் சற்றுத் தயங்குவார். பக்கத்து மேசையில் கேட்பார். முகவரோ, கையேடு தடுக்காவிட்டால், பெரும்பாலும் மீண்டும் அனுப்பிவிடும். எனவே ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே "திரும்பச் செய்யலாம்" அல்லது "திரும்பச் செய்யாதே, முதலில் நிலையைப் பார்" என்று எழுதியாக வேண்டும். அன்சிபிளில் பெரும்பாலான கட்டளைகள் முதல் வகை. ஆனால் எந்தக் கட்டளையையும் அப்படியே ஓடவிடும் 'ஷெல்' என்ற பகுதி, ஒவ்வொரு முறையும் வேலையை மீண்டும் செய்யும். மனிதர்களுக்கான கையேட்டில் "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று விட்டுவிடுவது இத்தகைய விதிவிலக்குகளைத்தான்.

இன்னொன்று: கையேட்டில் ஒரு விவரம் இல்லையென்றால், உண்மைபோலத் தோன்றும் ஒன்றை முகவர் தானே புனைந்துவிடக்கூடும். ஆகவே முழு எடுத்துக்காட்டுகள் வேண்டும். மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் வசதி அன்சிபிளில் உண்டு. அதை முதலில் இயக்கு என்பதையும் எழுத வேண்டும். பிழைச் செய்தியும் கையேட்டின் ஒரு பகுதியே. "பிழை 14" என்றால் யாருக்கு என்ன புரியும்? "எட்டாவது சர்வரில் பழைய நிரல் உள்ளது, நிறுத்து, மனிதரிடம் கேள்" என்பதல்லவா பயன்படும்! கையேடு எழுதுவது சலிப்பான வேலை என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. அந்த 97 மின்னஞ்சல்களைப் பற்றிப் படித்த பிறகு எண்ணம் மாறிவிட்டது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. "பழைய கோப்பை நீக்கு" என்ற கட்டளையை முகவர் இருமுறை அனுப்புகிறது. முதல்முறை கோப்பு நீங்கியது. இரண்டாம் முறை "அப்படியொரு கோப்பு இல்லை" என்ற பிழை வருகிறது. இது திரும்பச் செய்யத்தக்க கட்டளையா, இல்லையா? இரண்டு முறைக்கும் இடையில் வேறொருவர் அதே பெயரில் புதுக் கோப்பு ஒன்றை வைத்திருந்தால்? கையேட்டில் இதற்கு எதிரே என்ன எழுதுவீர்கள் என்று நோட்டில் எழுதிப் பாருங்கள்.